இரண்டு திரைகளில் ஒரு பச்சை

லீஸ் கோபப்படவில்லை. நாங்கள் அனுப்பிய படத்தைக் கதவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பதாகத் தொலைபேசியில் பிரெஞ்சில் சொன்னார். கதவு பச்சை, படம் சாம்பல் என்றார். அடுத்த திங்கட்கிழமைக்குள் சரியான படங்கள் வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

லீஸ், மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் நினைவு மங்கிய முதியவர்கள் வாழும் ஓர் இல்லத்தின் தலைமைத் தாதி. அவர்களைப் புதுக் கட்டடத்துக்கு மாற்ற ஏற்பாடு நடந்தது. அங்கே ஒவ்வோர் அறைக் கதவுக்கும் ஒரு நிறம். அறை எண் அவர்களுக்கு மறந்துவிடும், நிறம் கொஞ்சம் மனதில் நிற்கும் என்பது அவருடைய அனுபவம். அதனால் ஒரு மாதம் முன்பே அவரவர் கதவின் படத்தைக் கட்டிலருகே ஒட்டிவைத்துப் பழக்க நினைத்தார். கட்டடம் முடியவில்லை. மாதிரிக்கு ஒரே ஒரு பச்சைக் கதவுக்குத்தான் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆகவே புகைப்படம் எடுக்க வழியில்லை. கணினியில் 3டி மாதிரி செய்து, அதைப் புகைப்படம் போன்ற படமாக ரெண்டர் எடுத்துக் கொடுக்கும் வேலை மொன்றியலில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு வந்தது.

ரெண்டர் எடுப்பது நான். அதைப் போட்டோ எடிட்டிங் மென்பொருளில் திறந்து, நிழல், வெளிச்சம் திருத்தி அச்சுக்கு அனுப்புவது சுகந்தி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான். மூன்று மாதம் முடிந்தால்தான் நிரந்தரம். அலுவலகத்தில் தமிழர் நாங்கள் இருவரே.

அவள் அனுப்பிய கோப்பைத் திறந்தேன். லீஸ் சொன்னது சரி, சாம்பல்தான். என் ரெண்டரில் பச்சை நன்றாக இருந்தது. நிறத்தைக் கூட்டித் திருப்பி அனுப்பினேன். மறுநாள் அது மறுபடியும் மங்கி வந்தது. இன்னும் கூட்டினேன். இன்னும் மங்கியது. அச்சிலும் அப்படியே வந்தது. லீஸ் இரண்டாவது முறையும் திருப்பினார்.

மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏன் பிள்ளை திரும்பத் திரும்பக் குறைக்கிறீர்?"

"குறைக்காமல் என்ன செய்ய, அண்ணை? நீங்கள் அனுப்புற பச்சை கண்ணைக் குத்துது. ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டெல்லோ வருது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் திரை பழசாகிவிட்டதோ என்று அவள் அனுப்பிய கோப்பைக் கைபேசியில் பார்த்தேன். அங்கும் சாம்பல். பிறகு என் கண்ணிலேயே சந்தேகம் வந்தது. வீட்டுக்குப் போய் மகளிடம் முகம் துடைக்கும் துவாய் ஒன்றைக் காட்டி என்ன நிறம் என்று கேட்டேன். பச்சை என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

என் கண் சரி, திரை சரி. அப்படியென்றால் பிழை அவளுடையது. அந்த நினைப்போடு வியாழக்கிழமை முதலாளியிடம் போய், சுகந்திக்கு நிறம் பார்க்கும் கண் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவளை வைத்திருப்பதைப் பற்றி யோசிக்கிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை இன்னொரு ரெண்டரை அனுப்பினேன். இந்த முறை அவள் எந்த இடத்தில் கெடுக்கிறாள் என்று பார்ப்பதற்காக அவள் மேசைக்குப் போனேன். பத்தடி தூரம். நான்கு நாளாக நான் நடக்காத பத்தடி. அவள் எழும்பித் தன் கதிரையைத் தந்தாள். கோப்பு அப்போதுதான் திறந்தது. அவள் இன்னும் எதையும் தொடவில்லை. ஆனால் அந்தக் கதவு பிளாஸ்டிக் மாதிரி மின்னியது. உண்மையாகவே கண்ணைக் குத்தியது.

"இதைத்தான் அண்ணை நான் நெடுகச் சொன்னனான்" என்றாள்.

இருவரும் சேர்ந்து அமைப்புகளைப் பார்த்தோம். படக் கோப்பில் இருப்பது வெறும் எண்கள். அந்த எண்களை எந்த அளவுகோலால் நிறமாக்க வேண்டும் என்று சொல்லும் குறிப்புத்தான் கலர் புரொஃபைல். என் ரெண்டர் கோப்பில் அந்தக் குறிப்பே இல்லை. குறிப்பு இல்லாவிட்டால் மென்பொருள் தன் அளவுகோலைப் போட்டுக்கொள்ளும். என் கணினியில் அது பெரும்பாலான திரைகளில் உள்ள sRGB என்ற சாதாரண அளவுகோல். சுகந்தி முன்பு புகைப்பட ஆல்பம் அச்சிடும் இடத்தில் வேலை செய்தவள். அந்தப் பழக்கத்தில் அதைவிட அதிக நிறங்களை அடக்கும் அகலமான ஒன்றை வைத்திருந்தாள். அதே எண்கள் அங்கே கடும் பச்சையாகத் தெரிந்தன. அவள் சேமித்த கோப்பிலும் குறிப்பு இல்லை. அதனால் குறைத்ததெல்லாம் என்னிடமும் அச்சுக்காரரிடமும் சாம்பலாக வந்து சேர்ந்தது. ஒரே கோப்பை வைத்துக்கொண்டு இருவரும் வேறு வேறு படங்களைத் திருத்தியிருக்கிறோம்.

முதல் ரெண்டரை எடுத்து sRGB புரொஃபைலைச் சேர்த்துச் சேமித்தேன். இரண்டு திரைகளிலும் ஒரே பச்சை வந்தது. மாலையில் மாதிரி அச்சோடு பியர்பொன்ட்ஸ் போனேன். லீஸ் அதைக் கதவோடு சேர்த்துப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு மற்ற நிறங்களையும் அனுப்பச் சொன்னார்.

ஆனால் அதற்கு முன், சுகந்தியின் மேசையிலிருந்து நேரே முதலாளியின் அறைக்குப் போயிருந்தேன். புரொஃபைல் சேர்க்காதது என் பிழை, அவள் தன் திரையில் தெரிந்ததைச் சரியாகத்தான் திருத்தினாள் என்றேன். அவர் சிரித்தார். நான் அவளைப் பற்றி வியாழக்கிழமை சொன்னதையே, அவள் புதன்கிழமையே வந்து என்னைப் பற்றிச் சொன்னதாகச் சொன்னார். எனக்கு வயது போய்க் கண் மங்கிவிட்டதாம்.

வெளியே வந்து சுகந்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நானும் உங்களைப் பற்றிச் சொல்லிப்போட்டன், அண்ணை" என்றாள். தெரியும் என்றேன். மூன்று மாதம் முடிந்ததும் அவளுடைய வேலை நிரந்தரமாயிற்று.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இரண்டு சொல்லலாம். கோப்பைச் சேமிக்கும்போது புரொஃபைலையும் சேருங்கள். நீங்கள் அனுப்பியதை இன்னொருவர் கெடுத்துவிட்டார் என்று தோன்றினால், யாரிடமும் போய்ச் சொல்லும் முன் ஒருமுறை அவருடைய கதிரையில் இருந்து பாருங்கள்.