ஆறு இஞ்ச்சா, மூணு இஞ்ச்சா

என் சம்சாரத்துக்குப் பக்கவாதம் வந்து கை கால் ஒரு பக்கம் வுழுந்ததுலேர்ந்து, அவளுக்கு சீலிங்குதான் உலகம். திருவொற்றியூர் உப்புக்காத்துல அங்க சுண்ணாம்பு பொரிஞ்சு கெடக்கும். ஒருநாள் அவ கன்னத்துலயே ஒரு செதில் வுழுந்துச்சு. தொடச்சுவுட்டு வேலைக்குக் கெளம்பிட்டேன். அப்பல்லாம் எனக்கு எதுவும் ஒறைக்காது. சோத்துல உப்பு இல்லன்னாகூட தெரியாது.

என் தங்கச்சி மணலி புதுநகர்ல இருக்கா. அவதான் சொன்னா: “சீலிங்கை சுரண்டி பெயிண்ட் அடி. சுத்தி கார்னிஸ் போடு. அண்ணிக்கு ஒரு மாறுதலா இருக்கும்.” அவ ஹால்ல, சுவரும் சீலிங்கும் சேர்ற எடத்துல, ஆறு இஞ்ச் பட்டை ஜோரா ஓடும். சரி, அதையே போட்டுத் தொலைப்போம்னு கார்னிஸ் போடற ஆளைக் கூட்டியாந்தேன்.

“ரூமு எத்தினி அடி ஒசரம்ணா?”ன்னு கேட்டாரு.

“பத்து.”

“அப்ப ஆறு இஞ்ச் தாங்கும்.”

கட்டிலுக்கு எதிர்ச் சுவத்துல ஒரு துண்டு ஒட்டினாரு. என் சம்சாரம் கொஞ்ச நேரம் பாத்தா.

“இன்னாயா இது, தலைமேல வந்து குந்திகினு கீது?”

பல நாள் கழிச்சு அவ முழுசா பேசுனது அதுதான். சந்தோசம் வரணும். வரல.

அவரு டேப்பு புடிச்சாரு. எட்டடிதான் இருந்துச்சு. எங்க தெருவுல ரோடு போடறப்பல்லாம் ரோடு ஏறும், மழைத்தண்ணி வூட்டுக்குள்ள வரும், நாங்களும் மண்ணு கொட்டித் தரையை ஏத்துவோம். ஆனா யாரைக் கேட்டாலும் வூடு கட்டுனப்போ இருந்த ஒசரத்தைத்தான் சொல்லுவாங்க. நானும் அதையேதான் சொல்லி வெச்சிருக்கேன்.

“எட்டடிக்கு மூணு இஞ்ச்தாண்ணா. இல்லன்னா ரூமை அமுக்கிடும்.” ஆறை எடுத்துட்டு, சின்னதை வெச்சுப் புடிச்சாரு. “வாசப்படியில நின்னு பாருங்க.”

“நான் பாத்து இன்னா ஆவப்போவுது?”ன்னுட்டு அவ பக்கம் திரும்பினேன். “நீ சொல்லு. தெனம் படுத்துகினு பாக்கப்போறது நீதானே?”

நல்ல எண்ணத்துலதான் சொன்னேன், சத்தியமா.

அவ சீலிங்கை வுட்டு என்னைப் பாத்தா.

“அப்ப நான் எந்திரிக்கமாட்டேன்னு முடிவே பண்ணிட்டியா?”

வேலைக்காரரு பட்டையைப் புடிச்சுகினே சுவத்தைப் பாத்தாரு. ‘இல்லடி’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கீழ கெடந்த ஆறு இஞ்ச் துண்டை எடுத்து ஓரமா சாத்தி வெச்சேன்.

“எத்தையோ போடு”ன்னா.

மூணு இஞ்ச்சே போட்டோம். வெள்ளையடிச்சதும் ரூமு பளிச்சுனு ஆயிடுச்சு. வர்றவங்க எல்லாம் அண்ணாந்து பாத்து நல்லாருக்குன்றாங்க. அவ மட்டும் பாக்கறதில்ல. நல்லா இருக்கற கையால கட்டில் சட்டத்தைப் புடிச்சு, ஒருக்களிச்சு, சுவத்துப் பக்கம் மூஞ்சை வெச்சே படுத்துக்கறா.