தள்ளிவைத்த மழைத் தொழுகை

எங்கள் ஊரில் ஒருமுறை மழைத் தொழுகையையே ஒரு கிழமை தள்ளிவைத்தார்கள். தள்ளிவைக்கச் சொன்னது என் கணவர். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். குறிஞ்சிப்பிட்டியில் யாரும் சிரிக்கவில்லை. இங்கே சிலருக்கு மழை வேண்டும், சிலருக்கு வெயில் வேண்டும். இரண்டு கூட்டமும் ஒரே பள்ளிவாசலில், ஒரே வரிசையில், தோளோடு தோள் முட்ட நின்றுதான் தொழுகிறது.

என் நானா, கூடப்பிறந்த அண்ணன், மிளகாய்த் தோட்டம் செய்தவர். என் கணவர் கத்தாரில் வருடக்கணக்காக வாகனம் ஓட்டிவிட்டு, இனிப் போவதில்லை என்று சொல்லி வந்து, பாலாவியில் உப்புப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். முதல் விளைச்சல். அது கைகொடுத்தால் வீட்டோடு இருப்பார், இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் போக வேண்டியதுதான். என் பிள்ளைகள் வாப்பாவை போனில் பார்த்து வளர்ந்தவர்கள். அவர் வந்த புதிதில் சின்னவள் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். அந்த வருடம்தான் அவர் உடுத்த சாரனைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போகப் பழகியிருந்தாள். உப்பு விளைந்தால் என்ன, விளையாவிட்டால் என்ன, எனக்கு அந்தச் சாரனைப் பிடித்த கை அப்படியே இருக்க வேண்டும்.

வெயில் அடித்த அடியில் உப்பு நன்றாகவே விளைந்தது. இவர் போனில் வானிலை பார்ப்பதும் வானத்தை அண்ணாந்து பார்ப்பதுமாகத் திரிந்தார். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் முஸல்லா விரிப்பிலேயே உட்கார்ந்து, எந்தக் கிழமை வரைக்கும் ஒரு துளியும் விழக்கூடாது, காற்று எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்றெல்லாம் விவரமாகச் சொல்லி துஆ கேட்பார்.

"இது துஆவா, வேலையாளுக்கு வேலை சொல்றதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கேக்கிறத விளக்கமாக் கேக்கணும் புள்ள," என்றார்.

அதே வெயிலில் நானாவின் கிணறு உவர்த்துப்போனது. வேறு வழியில்லாமல் அந்தத் தண்ணீரையே இறைத்தார். மிளகாய் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. தோட்டக்காரர்கள் எல்லோரும் பள்ளிவாசலில் போய்ச் சொல்ல, வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் மழைத் தொழுகை என்று மௌலவி முடிவெடுத்தார். இவர் உப்பு வாருவதற்கு ஆள் சொல்லியிருந்தது சனிக்கிழமை.

பள்ளிவாசல் தலைவரும் மௌலவியும் நானாவும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் விறாந்தையில் கூடினார்கள். நான் பாலில்லாத பிளேன்டி ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் நின்றேன்.

"ஒரு கிழமை தள்ளி வைப்பமே," என்றார் இவர். "நாங்க கேட்டு அவன் உடனே தந்துட்டான் எண்டு வைங்க. என்ட உப்பு என்ன ஆகும்?"

மௌலவிக்கு முகம் மாறியது. "அல்லாஹ்கிட்ட கேக்கிறத்துக்கு நாங்க நாள் குறிக்கிறதா?" என்றார். தலைவர் நானாவைப் பார்த்தார். நானா கொஞ்ச நேரம் கோப்பையைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"மச்சான் உப்ப வாரி முடிக்கட்டும். மிளகாய் ஒரு கிழமை தாங்கும்," என்றார்.

தாங்காது என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். என் முகத்துக்காகத்தான் அதைச் சொன்னார். தொழுகை அடுத்த வெள்ளிக்கிழமைக்குப் போனது.

முதலில் மழைத் தொழுகை வைக்க இருந்த அந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து, சோறு தின்றுவிட்டு, இவர் மோட்டார் சைக்கிளில் உப்பைப் பார்க்கப் போனார். பின்னேரம் அவர் திரும்பி வந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எங்கள் பாதையில் புழுதி பறந்துகொண்டிருந்தது. அந்தப் புழுதிக்குள் தலையிலிருந்து கால்வரை தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து இறங்கினார். கடலேரிக்குள் விழுந்துவிட்டாரோ என்று பக்கத்து வீட்டில் ஓடி வந்து பார்த்தார்கள்.

"பாலாவியில மழை," என்றார். "உப்பு எல்லாம் கரைஞ்சிட்டு."

யாரும் கேட்காத மழை. யார் பயிருக்கும் உதவாமல், உப்புப் பாத்திகளின் மேல் மட்டும் கொட்டிவிட்டுப் போய்விட்டது. எங்கள் பக்கம் ஒரு துளி எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, தள்ளிவைத்தபடியே தொழுகை நடந்தது. எல்லோரும் சால்வையை உள்பக்கம் வெளியாகப் புரட்டிப் போட்டுக்கொண்டு, உள்ளங்கை நிலத்தைப் பார்க்கக் கையை உயர்த்தி அழுதார்கள். இவரும் போனார். மழை வரவில்லை. நானாவின் மிளகாய் அந்த மாதத்துக்குள் கட்டையாகக் காய்ந்துபோனது.

இவர் திரும்பவும் கத்தார் விசாவுக்கு எழுதிப் போட்டார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் எனக்குத் தவக்கல் சொல்லிக் கொடுத்தார்கள். அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போடுங்க, அவன் நாடியதுதான் நடக்கும். அடுத்தவன் உப்பு கரையும்போது அந்தச் சொல் வாயில் எவ்வளவு இலேசாக வருகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தியிடம், "உங்கட புருஷன் வீட்டிலதானே இருக்கார்?" என்று கேட்டேவிட்டேன். அவள் பிறகு வரவில்லை.

நானும் இவரைப்போலவே விளக்கமாகக் கேட்கத் தொடங்கினேன். விசா கிடைக்கக்கூடாது என்றேன், உடனே கிடைத்தது. மெடிக்கலில் ஏதாவது தடங்கல் வரட்டும் என்று வெட்கமில்லாமல் கேட்டேன், ஒன்றும் வரவில்லை. அவர் போன அன்று சின்னவள் சாரனை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன்.

பிறகு ஒருநாள் விடியச் சுபஹ் தொழுதுவிட்டுக் கையை ஏந்தினால் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு அல்லாஹ்வின் மேல் ஈமான் கூடிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். களைத்துப்போனேன், அவ்வளவுதான். "நீ பாத்துக்க," என்றேன். கோபத்தோடுதான் சொன்னேன். இன்றைக்கும் பல நாள் அப்படித்தான் சொல்கிறேன். ஆனாலும் அதைச் சொல்லிவிட்டு எழும்பினால் அன்றைய சோற்றை ஆக்க முடிகிறது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப முடிகிறது.

நானா அடுத்த போகத்துக்கு மிளகாய் நடவில்லை. தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டு, கற்பிட்டிக்கு வருகிற வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்க ஒரு த்ரீவீல் எடுத்தார். "மச்சானுக்குச் சொல்லிராத. தன்னாலதான் எண்டு நினைச்சுக்குவான்," என்றார். நானும் சொல்லவில்லை.

இந்த வருடம் மழை நேரத்தோடு வந்தது. யாரும் தொழுகை வைக்கவில்லை, யாரும் நாள் குறிக்கவுமில்லை. நானா வீட்டில் இருந்தேன். இவர் கத்தாரிலிருந்து போன் எடுத்தார். மழைச் சத்தம் அவருக்கும் கேட்டது.

"அங்க மழையா? நானாட தோட்டத்துக்கும் பெய்யுதா?"

யன்னலால் பார்த்தேன். வரம்பு தெரியாமல் எருக்கலையும் புல்லும் மண்டிய நிலத்தில் மழை அடித்துப் பெய்துகொண்டிருந்தது. வேலியோரம் த்ரீவீல் நின்றது.

"ஓம், பெய்யுது."

 "அண்டைக்கு நான் தடுத்த மழை இப்பயாச்சும் வந்துட்டு," என்றார்.  "இந்த முறை நானாட மிளகாய் நல்லா வரும், பாரேன்."

"இன்ஷா அல்லாஹ்," என்றேன்.