பத்து ரூபாய்க்குக் கீழே போனால்

நட்டத்துக்கு ஒரு எல்லை போட்டு வைக்க வேண்டும் என்று இப்போது யாராவது எனக்குப் புத்தி சொன்னால் எரிச்சல்தான் வருகிறது. எல்லை போடுவது சுலபம். நானும் போட்டவன்தான். போட்டபின் அதில் கை வைக்காமல் இருப்பதுதான் கஷ்டம். என்னால் முடியவில்லை.

நான் கணிதம் படிப்பித்தவன். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், அம்பிளாந்துறைக்குப் பக்கத்து ஊரொன்றில், மனைவியின் வீட்டில் இருந்தேன். எங்கள் பகுதியில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடும் வயலும் பெண்ணின் பெயரில் இருக்கும். பேச்சுவார்த்தை, போர்நிறுத்தம் என்று காற்று மாறிய அந்தச் சில மாதங்களில் காணிக்குக் கொஞ்சம் விலை வந்தது. மூன்று போகமாக விதைக்காமல் கிடந்த அவளுடைய வயலில் பாதியை விற்றோம். அந்தக் காசுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. எங்கள் மகளை ஊரைவிட்டு வெளியே அனுப்ப வேண்டும்.

மகளுக்குப் பதினாறு வயது. அவளோடு படித்த இரண்டு பெண்பிள்ளைகள் ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கு வந்தார்கள், வீட்டுக்குத் திரும்பவில்லை. துவக்குத் தூக்க இயக்கத்துக்குப் போய்விட்டார்கள் என்று மறுநாள் தெரிந்தது. அதில் ஒருத்தி என் வகுப்பில் முதல் வாங்கில் இருந்தவள். அன்றைக்கே என் மனைவி முடிவெடுத்துவிட்டாள். கொழும்பில் ஒரு இரும்புச் சாமான் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்த அவளுடைய அண்ணன், பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்றை விசாரித்து வைத்திருந்தார். காசு கையில் வந்ததும் அனுப்பிவிடலாம் என்றாள்.

அப்போதே அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் விடுதிக்கு இரண்டு வருடத்துக்குக் காசு வேண்டும், எங்களிடம் ஒன்றரை வருடத்துக்குத்தான் இருந்தது. மிச்சத்தை என் மூளையால் உண்டாக்கலாம் என்று நினைத்தேன். சமாதானம் வருகிறது என்று பங்குச் சந்தை ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. பலருடைய காசை ஒன்றாகச் சேர்த்துப் பல கம்பனிகளின் பங்குகளில் போடுகிற யூனிட் டிரஸ்ட் என்ற ஒன்று கொழும்பில் வந்திருந்தது. ஆறு மாதம் போட்டு வைப்போம், பிள்ளையின் பள்ளிச் சோதனை முடிவும் வந்துவிடும், காசும் பெருகிவிடும் என்று மனைவிக்கு விளக்கினேன். எனக்குக் கணக்குத் தெரியும் என்று நம்பி அவள் தலையாட்டினாள்.

கொழும்புக்குப் போய் மச்சானையும் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். பங்குகளில் ‘ஸ்டொப் லொஸ்’ என்று ஒரு முறை இருக்கிறது, இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம் என்று எங்கேயோ படித்திருந்தேன். அதை இங்கேயும் செய்யலாமா என்று பெரிய விஷயம் தெரிந்தவன் போலக் கேட்டேன். மேசையில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள், யூனிட்டுக்கு நாளுக்கு ஒரு விலைதான், அப்படி உத்தரவு எடுத்து வைக்க மாட்டோம், விற்க வேண்டுமென்றால் அன்றைக்குப் படிவம் வந்து சேர வேண்டும் என்று. எங்கள் ஊரிலிருந்து படிவம் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்பதை அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். யூனிட் மனைவியின் பெயரில்தான் இருந்தது, காணிக் காசல்லவா. விற்கும் படிவத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கி, திகதி போடாமல் மச்சானுக்கு அனுப்பினேன். விலை பத்து ரூபாய்க்குக் கீழே போனால் ஒருவரையும் கேட்காமல் திகதியைப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதினேன். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் குறைய வாங்கியது. பத்தில் நின்றால் ஒரு வருடத்துக்காவது விடுதிக் காசு தப்பும். வெள்ளம் ஏறினால் வரம்பு உடைய முதல் ஒரு பக்கம் வெட்டி விடுவோமே, அதுதான் இது என்று மனைவிக்குச் சொன்னேன். எல்லாம் அறிந்தவன் என்ற மிதப்பு எனக்கு.

விலை பதின்மூன்றுக்குப் போனது. மனைவி, போதும், எடுத்துப் பிள்ளையை அனுப்புவோம் என்றாள். பதினாலு வரட்டும் என்றேன். பேராசைதான், வேறு பெயர் சொல்லி என்ன பயன். அக்கரையான எழுவான்கரையிலிருந்து தினமும் வாவியைக் கடந்து எங்கள் பள்ளிக்கு வந்த ஆசிரியர் ஒருவர் முதல்நாள் பேப்பரைக் கொண்டு வருவார். இடைவேளையில் எல்லோரும் பேச்சுவார்த்தைச் செய்தி பார்ப்பார்கள், நான் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் யூனிட் விலையைப் பார்ப்பேன். பேச்சுவார்த்தை இழுபட இழுபட அந்த எண் இறங்கியது. பதினொன்று. பத்தரை. பிறகு பத்தே கால்.

பத்துக்குக் கீழே போய் மச்சான் விற்றுவிட்டால் நட்டம் உண்மையாகிவிடும். பெண்டாட்டியின் சீதனக் காணியை விற்றுக் காசைக் கரைத்தவன் என்று அவளுடைய ஆட்கள் பேசுவதை, அவர்கள் தந்த வீட்டில் இருந்துகொண்டு கேட்க வேண்டி வரும். விற்காமல் இருந்தால் அது வெறும் பேப்பரில் உள்ள எண், ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை. இப்படி யோசித்து, விற்க வேண்டாம், ஒன்பது வரை பொறுங்கள், எப்படியும் ஏறும் என்று மச்சானுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மனைவிக்குச் சொல்லவில்லை. அந்த ஆசிரியர் அதைக் களுவாஞ்சிக்குடியில் தபாலில் போட்டுவிட்டதாக அடுத்த நாள் சொன்னார். என் வாழ்க்கையில் எந்தக் கடிதமும் அவ்வளவு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததில்லை.

ஒரு கிழமைக்குள் சண்டை மறுபடி தொடங்கியது. வாவியைக் கடக்கும் தட்டைப் படகை நாங்கள் பாதை என்போம். அந்தப் பாதையை ஆமிக்காரர் அக்கரையில், குருக்கள்மடத்தில், கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள். தோணி விட்டால் சுடுவார்கள். அக்கரை வாசிகசாலைக் கூரை எங்களுக்குத் தெரியும். காற்று எங்கள் பக்கம் அடித்தால் கல்முனை பஸ்ஸின் கோர்ன் கூடக் கேட்கும். அந்த பஸ்ஸில் ஏறினால் சற்று நேரத்தில் தபால் கந்தோர். ஒரு வரி எழுதினால் போதும், முதல் சொன்னபடியே செய்யுங்கள் என்று. அந்த ஒரு வரியை எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு துறையில் போய் நிற்பேன். வியர்வையில் கடதாசி நைந்து போகும், வீட்டுக்கு வந்து வேறு எழுதுவேன். ஏழு வாரம் இப்படிப் போனது.

பற்றரி தடைசெய்த சாமான், இக்கரைக்கு வராது. றேடியோ கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். மகள்தான் சுற்றுவாள். பின்னேரம் ஆங்கிலச் செய்தியில் கடைசியாக ஒரு நிமிடம் பங்குச் சந்தை பற்றிச் சொல்வார்கள், இறங்கியது, மேலும் இறங்கியது என்று மட்டும். யூனிட் விலை சொல்ல மாட்டார்கள். செய்தி முடிந்ததும் மகள் கையை உதறிக்கொண்டு என்ன சொன்னார்கள் என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்பேன். எந்தக் காசில் அவள் வெளியேற வேண்டுமோ, அது கரைகிற செய்தியை அவளையே சுற்றவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு என்னைப் பிடிக்காமல் போன நாட்கள் அவை.

இதைவிட மோசமானது மனைவி நிம்மதியாக இருந்தது. ஷெல் விழுகிற சத்தத்துக்கு நடுங்குவாள், ஊரில் எந்தப் பிள்ளையைக் காணவில்லை என்று கேள்விப்பட்டாலும் நடுங்குவாள், ஆனால் காசைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. ஒருநாள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“இப்ப பத்துக்குக் கீழ போயிருக்கும், என்ன? அண்ணன் வித்திருப்பார்தானே?”

“ஓம், வித்திருப்பார்” என்றேன்.

“அப்ப பாதை விட்ட உடன பிள்ளய அனுப்பலாம்” என்று சொல்லிவிட்டு அவள் செதிளைச் சுரண்டினாள். நான் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். நான் வெட்டிவிட்ட கயிற்றை அவள் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் கிழமை முடிய, மூன்று நாளைக்கு மட்டும் பாதை விடப்போகிறார்கள் என்று அறிவித்தார்கள். முதல்நாள் முதல் ஓட்டத்திலேயே அந்த ஆசிரியர் வந்தார். பள்ளி விலாசத்துக்கு எனக்கு வந்து அக்கரைத் தபால் கந்தோரில் தேங்கிக் கிடந்த கடிதத்தைத் தந்தார். மச்சானின் எழுத்து. வகுப்பறைக்குப் பின்னால் போய் நின்று பிரித்தேன்.

“மச்சான், உங்கட ரெண்டாவது கடிதம் கிடைச்சது. படிவத்தில தங்கச்சிட கையெழுத்து இருக்கு. ஒன்பது வரை பொறுக்கச் சொல்லி வந்த கடிதத்தில அவட கையெழுத்து இல்ல. காணி அவட. ஆனபடியா பத்துக்குக் கீழ போன அண்டைக்கே குடுத்திற்றன். காசு களுவாஞ்சிக்குடி வங்கியில அவட கணக்குக்கு வந்திருக்கும். விடுதிக்கு முற்பணம் நான் கட்டிற்றன். பிள்ளய ஏத்தி விடுங்க.”

இரண்டு முறை வாசித்தேன். முதலில் வந்தது கோபம். என்ன துணிவு இந்த மனுசனுக்கு, கணக்குத் தெரிந்த நான் எழுதியதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லையே என்று. பிறகுதான் கடிதத்தின் அடியைப் பார்த்தேன். கடிதம் எழுதிய நாளின் விலையையும் குறித்திருந்தார். எட்டுக்கும் கீழே.

போவதற்கு இக்கரையில் இயக்கத்திடம் அனுமதி எடுக்க வேண்டும், அக்கரையில் ஏன் வந்தாய் என்று ஆமி கேட்டால் பதில் வேண்டும். அனுமதி எப்படிக் கிடைத்தது என்பது என் மனைவியின் கெட்டித்தனம். யார் யார் வீட்டுக்கு நடந்தாள், என்ன சொன்னாள் என்று இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை மகள் ஒரு சீத்தைத் துணிப் பையோடு பாதையில் ஏறினாள், அந்த ஆசிரியரின் மனைவி கூடப் போனார். குருக்கள்மடத்துச் சோதனைச் சாவடியில் வரிசை நகர்வது இங்கிருந்து தெரிந்தது, முகங்கள் தெரியவில்லை. பாதை ஆளில்லாமல் திரும்பி வந்தபோதுதான் அவள் தாண்டிவிட்டாள் என்று நம்பினோம். மத்தியானத்துக்குப் பிறகு பாதையை மறுபடி அக்கரையில் கட்டிவிட்டார்கள். அது அடுத்ததாக ஓடியது பல மாதங்களுக்குப் பிறகு.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மச்சானின் கடிதம் என் பையில்தான் இருந்தது, எரித்திருந்தால் ஒருவருக்கும் தெரியாது. மனைவி அழவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு துறைக் கல்லில் இருந்தாள். நல்லகாலம் நீங்கள் அந்தப் படிவத்தை அனுப்பி வைத்தீர்கள், இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை இங்கேதான் என்றாள். அந்த நன்றியை என்னால் தாங்க முடியவில்லை. கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

அவள் மெதுவாக வாசிப்பவள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் கேள்விதான் கேட்டாள்.

“ஒன்பதுக்கு வந்திருந்தா வித்திருப்பீங்களா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “இல்ல. எட்டுமட்டும் பொறுங்க எண்டு எழுதியிருப்பன்.”

“எட்டுக்கு வந்தா?”

“ஏழு எண்டிருப்பன்.”

“மறுகா?”

அதன்பிறகு எது, அதற்கும் பிறகு எது என்று அவள் கேட்டாள். என் மகள் அப்போது எத்தனை வயதில், எங்கே, எந்த உடுப்பில் இருந்திருப்பாள் என்று எனக்கு அங்கே நின்றபடியே தெரிந்தது. அவள் கடிதத்தை நான்காக மடித்துத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு எழும்பி வீட்டுக்கு நடந்தாள்.