ஆறு பித்தளை வால்வு

எனக்கு இரண்டு பேர் தள்ளிப் பிறந்த தம்பியை வீட்டில் 'சக்கரம்' என்போம். ஓரிடத்தில் உட்காராதவன். கடைசியில் வீட்டையே சக்கரத்தில் ஏற்றிவிட்டான். படுக்கையும் அடுப்பும் வைத்த பெரிய வண்டியில் பெண்டாட்டியோடு சுற்றினான். அவள் எங்கள் சின்ன மாமன் மகள். வாய் திறக்கமாட்டாள். அவளுக்கு 'ஊமைக்கோட்டான்' என்று பெயர்.

போன மழைக்காலத்தில், பின்சக்கரத்தில் காற்று இறங்குகிறதென்று நெடுஞ்சாலை ஓரம் குனிந்து பார்த்தவனை ஒரு லாரி அடித்துப் போட்டது. அவள் அழவில்லை. கொடுத்தால் சாப்பிடுவாள், கேட்டால் சரி என்பாள். வண்டியை ஒரு கொட்டகைக்குள் இழுத்து வந்து விட்டதோடு சரி.

"வித்துட்டு எங்ககூட வந்துடும்மா" என்றான் அவள் மகன்.

"டயரைக் காட்டிட்டுச் சொல்றேன்."

டயர் தேறினால் வண்டிதான் வீடு. தேறாவிட்டால் மகன் கூடத்தில் ஒரு கட்டில். துணைக்கு நான் போனேன்.

டயர் கடைக்காரர் வந்து, பின்னால் இரட்டைச் சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டுத் துழாவினார்.

"இந்த சென்சாரை யாரும்மா மாட்டினது?"

"அவரு."

வால்வின் மேல் மூடி போலத் திருகி வைப்பது அது. காற்று குறைந்தால் ஓட்டுபவர் முன்னாலிருக்கும் சின்னத் திரை கத்தும். வாங்கிய அன்று தம்பி எனக்குப் போன் போட்டு, "அக்கா, இனி நடுரோட்டுல நிக்கவே வேணாம்" என்றான்.

"இவ்ளோ கனத்தை ரப்பர் வால்வுல மாட்டலாமா? ஆடி ஆடி அடியிலேயே கிழிஞ்சிருக்கு. டயர்ல ஒரு ஆணிகூட இல்ல. வேலியே பயிரை மேஞ்ச கதை!" என்று சிரித்தார். அவருக்குத் தெரியாது, பாவம்.

நான் வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கிழிந்த வால்வை வாங்கி விரலால் வளைத்துப் பார்த்தாள்.

"டயருக்கு உள்ளயே வைக்கிற சென்சாரும் இருக்கும்மா. ஆனா பேட்டரி தீந்தா டயரைக் கழட்டணும். இந்த மூடி மாதிரியே வேணும்னா பேட்டரியை நீங்களே மாத்திக்கலாம். பித்தளை வால்வுதான் தாங்கும்."

"நானே மாத்துற மாதிரி. பித்தளை."

"ஆறுக்குமா?"

"ஆறுக்கும்."

"ஏம்மா, இன்னமும் இதுலயேவா இருக்கப்போற?" என்றேன்.

"வேற எங்க இருக்கிறது, அண்ணி?" கோபமாகக் கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வேலை முடிந்ததும் மகனுக்குப் போன் போட்டாள். "விக்கல" என்று மட்டும் சொல்லி வைத்தாள். என்னை வீட்டில் விட அந்த நெடுஞ்சாலை வழியேதான் ஓட்டினாள். அந்த இடம் வந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் திரையைப் பார்த்தாள்.

"ஆறும் சரியா இருக்கு, அண்ணி" என்றாள்.