மூன்று கட்டையில் ஒரு பாட்டு

எனக்கு ஆண்பிள்ளைக் குரல். பத்தொன்பது வயதில் அதைவிடப் பெரிய கேவலம் உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்தேன். கதவுக்குள்ளிருந்து நான் "யாரு?" என்று கேட்டால், வெளியே நிற்கிற பால்காரர் "நான்தான் அண்ணாச்சி" என்பார். கதவைத் திறந்ததும் திருதிருவென்று முழிப்பார். "மெல்லப் பேசுட்டி, பொண்ணு பாக்க வாறவன் வாசலோட ஓடிருவான்" என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சிரிப்பேன். உள்ளுக்குள்ளே பற்றிக்கொண்டு எரியும்.

பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் நடுவாக இருக்கும். எங்கள் லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகள், அடுத்த வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். சொந்தமில்லை, பழக்கம்தான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. அவளுக்கும் என் குரல்தான். சொல்லப்போனால் என்னுடையதைவிட இன்னும் கீழே போகும். ஆனால் அவளுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. தேயிலைச் செடி நிரையில் நின்று கொழுந்து எடுத்தபடியே வாய்விட்டுப் பாடுவாள். நாலு நிரை தள்ளி நிற்கிறவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். கங்காணி கத்தினால் பாட்டை நிறுத்தாமலே அவருக்குத் தலையாட்டுவாள்.

மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வருஷாவருஷம் ஃபேக்டரிப் பையன்கள் பாட்டு நாடகம் போடுவார்கள். ராணி, தோழி எல்லாம் மீசையை எடுத்த ஆண்கள்தான். அந்த வருஷம் ஆர்மோனியக்காரர் முரண்டு பிடித்தார். அவர் கம்பத்துக்காரர், எங்கள் தோட்டத்தில் பெண் எடுத்தவர். "பொம்பளை வேசத்துக்குப் பொம்பளைகளே வரட்டும், இல்லாட்டி நான் பெட்டியத் தொட மாட்டேன்" என்றுவிட்டார். நாட்டை இழந்து காட்டுக்குப் போகும் ராஜா ராணி கதை. விருப்பமுள்ள பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து ஆளுக்கொரு பாட்டுப் பாடிக் காட்ட வேண்டும். அதற்குப் பெயர் செலக்சன்.

எனக்கு ராணி வேஷத்தின் மேல் பைத்தியம். இந்தக் குரலை வைத்துக்கொண்டு எந்த மூஞ்சியோடு போவது? அக்காவிடம் சொன்னேன்.

"அட கூறுகெட்டவளே, குரலையா மாத்த முடியும்? பாட்டை மாத்து" என்றாள்.

ஒரு வாரம் நிரையில் அதுதான் வேலை. நான் சொல்கிற பாட்டையெல்லாம் அவள் தள்ளுபடி செய்துகொண்டே வந்தாள். "அழகான பாட்டுன்னு எடுக்காத. அதுல ஆக மேல போற அடி எதுவோ, அதை மொதல்ல பாடிப் பாரு. பாடையில தாடை மேல தூக்குதா? அப்போ அது உன் பாட்டு இல்ல." நான் ஆசைப்பட்ட ஊஞ்சல் பாட்டு அதில் போயிற்று. முருகன் பாட்டு ஒன்று எடுத்த எடுப்பிலேயே உச்சியில் நிற்கும், அதுவும் போயிற்று. "மொத அடி கீழ இருக்கணும்ட்டி. நம்ம குரல் அவங்க காதுக்குப் பழக நேரம் குடுக்கணும்ல?" எங்கேதான் கற்றாளோ. பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவள்.

கடைசியில் எனக்கு ஒரு தாலாட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். காட்டில் ராணி குழந்தையைத் தூங்க வைப்பதற்குப் பொருத்தமாக இருக்கும் என்றாள். அந்தப் பாட்டு மேலே ஏறவே ஏறாது; எந்தச் சுருதியில் கொடுத்தாலும் தொண்டை தாங்கும். அவளுக்கென்று எடுத்துக்கொண்டது ஒரு புலம்பல் பாட்டு. கீழே, கிணற்றுக்குள் வாளி இறங்குகிற மாதிரி இறங்கிப் போகும்.

அதற்கு ஆர்மோனியத்தில் மூன்று கட்டை வேண்டும். கட்டை என்பது பாட்டு எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பதற்கான கணக்கு, கூடக்கூட உயரம். பெண் என்றாலே ஐந்து கட்டை என்று ஆர்மோனியக்காரர்கள் கை தானாகவே அங்கே போய் உட்கார்ந்துவிடும்.

"நானும் மூணு கட்டை கேக்கேன், நீயும் மூணு கட்டை கேளு" என்றாள் அக்கா. "ஒருத்தி கேட்டா கோட்டிக்காரிம்பாங்க. ரெண்டு பேரு கேட்டா அதுவும் ஒரு வழக்கம்னு ஆயிரும்."

சரி என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

குழந்தைகளைப் பகலில் விட்டுப்போகிற கொட்டகையில்தான் செலக்சன். தொட்டில்களை ஓரமாகக் கட்டிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். ஃபேக்டரிப் பையன்கள் சுவரோடு சுவராக நின்றார்கள். இரண்டு பெண்கள் பாடி முடித்ததும் அக்கா எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மூணு கட்டை குடுங்க அண்ணாச்சி" என்றாள்.

மிருதங்கக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "மூணா? ஏம்மா, ராசா வேசத்துக்கா வந்திருக்கே?"

பையன்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே பாட ஆரம்பித்தாள். முதல் அடியில் சிரிப்பு அடங்கியது. இரண்டாம் அடி கீழே இறங்கியது. இறங்கி, அவள் குரல் அந்தத் தகரக் கொட்டகையில் அதிர்ந்தது. எவனோ ஒருவன் தொண்டையைக் கனைத்து அதே மாதிரி உறுமினான். அவ்வளவுதான், கொட்டகையே கொல்லென்று சிரித்தது.

அவள் என்னைப் பார்த்தாள். வேறு யாரையும் பார்க்கவில்லை. நான் சிரித்தேன்.

வாயைப் பொத்திக்கொண்டுகூட அல்ல. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, பல் தெரியச் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அடுத்தபடியாக என் பக்கம் திரும்புவார்களே என்ற பயம். சீ, எத்தனை வருஷம் ஆகிறது, இதை எழுதும்போது இன்னும் காது சுடுகிறது. அவள் பாட்டைப் பாதியில் நிறுத்தவில்லை. கடைசி அடியை மட்டும் மெதுவாக, யாருக்கும் கேட்காத மாதிரி பாடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அடுத்தது நான். "எத்தனை கட்டைம்மா?" என்று கேட்டார் ஆர்மோனியக்காரர்.

"அஞ்சு" என்றேன்.

அக்கா எடுத்துக் கொடுத்த தாலாட்டு ஐந்து கட்டையிலும் என்னைக் கைவிடவில்லை. தாடை தூக்கவே இல்லை. குரலைக் கொஞ்சம் ஒல்லியாக்கிக் குழைந்து குழைந்து பாடினேன். ராணி வேஷம் எனக்குத்தான் என்றார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா, "நல்லா பாடினட்டி" என்றாள். மூன்று கட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டு வாங்கிக்கொண்டு ஒழிந்திருப்பேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட எனக்கு ஏதோ சாக்குச் சொல்ல இருந்திருக்கும். சின்ன வயசு, பயம், அது இது என்று. முடியவில்லை.

பத்து நாள் ஒத்திகை போனபின் ஆர்மோனியக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ராணிக்கு அம்மா வேசம் ஒண்ணு சேக்கலாம்னு இருக்கேன். அன்னைக்குப் பாடுச்சே உங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு, அந்தக் குரல் காதை விட்டுப் போக மாட்டேங்குது. சிரிச்ச பயலுகளுக்குச் சுருதியும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. நான் கூப்பிட்டேன்னு சொல்லிக் கூட்டிட்டு வா."

சந்தோஷம் வரவேண்டும் இல்லையா? எனக்கு வரவில்லை. அவள் பக்கத்தில் நின்று பாடினால் என்னுடைய ஒல்லிக் குரல் பொய் என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். ஆனாலும் போனேன். அக்கா பைப்படியில் மகளுக்குத் தலை தேய்த்துக்கொண்டிருந்தாள். "என்னட்டி?" என்றாள். வாயைத் திறந்தேன்.

"கொஞ்சம் புளி இருக்காக்கா?" என்றேன்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு உருண்டை எடுத்து வந்து தந்தாள். மறுநாள் ஒத்திகையில் ஆர்மோனியக்காரரிடம், "வரமாட்டேன்னுட்டாங்க அண்ணாச்சி" என்றேன். அவர் உச்சுக் கொட்டினார். அம்மா வேஷம் இல்லாமலே நாடகம் நடந்தது. எல்லோரும் என் தாலாட்டைப் பற்றியே பேசினார்கள்.

அக்கா அதன்பிறகு நிரையில் பாடவில்லை. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு, "என்ன, தொண்டை கட்டிருச்சா?" என்று கேட்டுப் பார்த்து விட்டுவிட்டார்கள். மழைக்காலம் வந்தது. தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்றோம். மழைச் சத்தம் மட்டும்தான். எனக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. ஒரு நாள் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது அழுதுவிட்டேன்.

"அன்னைக்கு நான் சிரிச்சேன்க்கா" என்றேன். "அஞ்சு கட்டையும் கேட்டேன். என்னை மன்னிச்சிரு."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"அந்தப் பயலுக சிரிச்சது எனக்கு ஒண்ணுமில்லட்டி. அவனுக எதுக்குத்தான் சிரிக்கல? நீ சிரிச்சப்பதான், நெசமாவே கேக்கச் சகிக்காம இருக்குபோலன்னு பட்டுச்சு. உனக்குத்தானே பாட்டுத் தெரியும்."

நான் ஏங்கி ஏங்கி அழுதேன். அவள் சோற்றுக் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, மற்றக் கையால் என் முதுகைத் தடவிவிட்டாள்.

"சரி, விடு. உன் மேல என்ன தப்பு? நாமளாப் போயி நின்னோம், பட்டோம். நல்லா இருந்திருந்தா அந்த ஆர்மோனியக்காரராவது ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்க மாட்டாரா?"

நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினாள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அது தொண்டை வரைக்கும் வந்தது.

"சாப்பிடுட்டி, சோறு ஆறுது" என்றாள். நான் சாப்பிட்டேன்.