கொழும்பண்ணையின் மூலை

பிரெஞ்சுத் தலைநகரின் ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் மூன்று கடை எனக்கு. பிரெஞ்சுப் பள்ளியில் கடைசி வாங்கிலிருந்து பாதியில் எழும்பிப் போனவன் நான். இன்றைக்குப் படித்தவர்கள் என் கடை வாசலில் நின்றுதான் அரசியல் பேசுகிறார்கள். ஊரில் சண்டை முடிந்து இத்தனை காலமாகியும், வடக்குக் கிழக்குக்கு என்ன அதிகாரம், காணி யாருக்கு, பொலிஸ் யாருக்கு என்று தேத்தண்ணி ஆறும்வரை நடக்கும். நான் சிரித்துக்கொள்வேன். பத்து வயதிலேயே, இந்தத் தெரு இருக்கும் இதே லாச்சப்பல் பகுதியில், வாக்குப் போட்டு ஓர் அரசையே நடத்தியவன் நான்.

அரசு என்றால் ஒற்றை அறை. நாட்டிலிருந்து தப்பி வந்த ஆண்கள் தோளோடு தோள் உரசிப் படுப்பார்கள். ஆளுக்கொரு இயக்கத்தின் பக்கம் சாய்வு. அடிபடாமல் இருக்க, என்னைத் தன்னோடு வைத்திருந்த சித்தப்பா ஒரு சட்டம் போட்டிருந்தார்: எதுவானாலும் கை தூக்கித்தான் முடிவு. மீனா கோழியா என்பதற்கும் கைதான். "பெடியனுக்கும் கை இருக்குத்தானே" என்று எனக்கும் வாக்குத் தந்தார்.

ஒரு பனிக்காலத்துப் பின்னேரம், தன்னோடு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவும் ஒருவரைச் சித்தப்பா கூட்டிவந்தார். ஆள் சிங்களவர். இருந்த இடத்திலிருந்து எழுப்பிவிட்டார்களாம். கார் து நோர் ரயில் நிலையத்தில்தான் படுக்கையாம்.

மூலையில் கொழும்பண்ணை இருந்தார். கொழும்பில் கடை வைத்திருந்ததால் அந்தப் பெயர். கலவரத்தில் கடையும் போய், கடைக்குள் நின்ற தம்பியும் போனவர்.

"இவன் எனக்கு ஒண்டும் செய்யேல்லை, தெரியும்," என்றார். "ஆனா அந்தப் பாஷையைப் பக்கத்தில கேட்டுக்கொண்டு என்னால கண் மூட ஏலாது."

"சட்டம் சட்டம்தான் அண்ணை. கையைத் தூக்குவம்," என்றார் சித்தப்பா.

"ஓம், தூக்குங்கோ. அங்கை பாராளுமன்றத்தில எங்களுக்கும் இப்பிடித்தானே கையை எண்ணினவங்கள்."

அறை சரிபாதியாகப் பிரிந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாசலில் நின்றவரின் சப்பாத்திலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. நான் கையைத் தூக்கினேன். "வெண்டிட்டம்!" என்று கத்தியதும் நான்தான்.

கொழும்பண்ணை சண்டை பிடிக்கவில்லை. அன்று அவருடைய முறை. சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு பையைத் தூக்கினார்.

"இந்தக் குளிருக்கை எங்கை அண்ணை போகப்போறியள்?" சித்தப்பா மறித்தார்.

"செவ்ரானில சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கிறான்."

அப்படி ஒருவரைப் பற்றி அவர் அதற்கு முன் பேசியதே இல்லை. என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அந்த மூலையைச் சிங்களவருக்குக் காட்டியவனும் நான்தான். வென்றவன் அல்லவா! ஹீட்டருக்கு அருகே, அறையிலேயே நல்ல இடம் அது. அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையை ஆட்டி மறுத்துவிட்டு, கதவோரம், நனைந்த சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்தார். மறுநாளும் அப்படியே. நெருக்கியடித்துப் படுத்தவர்கள்கூட அங்கே நகரவில்லை. மூலை வெறுமையாகக் கிடந்தது.

பாவம், நான் சொல்லும் தமிழ் அந்த ஆளுக்கு விளங்கவில்லை என்றுதான் நினைத்தேன்.