நன்னாரி சர்பத்தில் கற்ற போர்ட் ஒயின்

1. வராந்தாவில் பிரித்தது

கப்பல் கம்பெனியிலிருந்து இன்டர்வியூ எடுக்க வந்த அன்று காலை, வேங்கிக்காலில் நான் படித்த கேட்டரிங் இன்ஸ்டிட்யூட்டின் கரஸ்பாண்டென்ட் எங்களை வராந்தாவில் நிறுத்திப் பிரித்தார். பையன்களுக்கு ரெஸ்டாரன்ட் சர்வீஸ், பெண்களுக்கு ஹவுஸ்கீப்பிங்.

"சார், நான் சர்வீஸ்தான கேட்டிருந்தேன்?"

"பொம்பளப் புள்ள ஒயின் ஊத்தினா நாலு பேர் இன்னா பேசுவாங்க? கோயில் ஊரும்மா இது. பெட்ஷீட் மடிக்கறதுல இன்னா கொறச்சல்?"

ஒரு குறைச்சலும் இல்லை. ஆனால் நான் அதற்காகச் சேரவில்லை. ஒயின் பரிமாறக் கற்றுத் தருவதாகச் சொல்லித்தான் ஃபீஸ் வாங்கினார்கள். அப்போது இது கோயில் ஊர் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது போலும். இன்று எழுதும்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

2. பாடம்

அங்கே ஒரு சொட்டு ஒயின் கிடையாது. காலி பாட்டிலில் நன்னாரி சர்பத்தை நிரப்பித்தான் பிராக்டிகல். போர்ச்சுகல் நாட்டு டோரூ பள்ளத்தாக்கின் போர்ட் ஒயின் எங்களுக்கு ஒரு முழுப் பாடம். திராட்சையைக் கல்தொட்டியில் போட்டுக் காலால் மிதிப்பார்கள். சாறு பாதி புளித்திருக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றிப் புளிப்பதை நிறுத்திவிடுவார்கள். மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும்.

பையன்கள் இதை நெட்டுருப் போட்டார்கள். நான் பக்கத்துக் கிராமமான அடி அண்ணாமலைக்காரி. பனைக் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள் என்று தெரிந்து வளர்ந்தவள். புளிப்பதைத் தடுத்தால் இனிப்பு நிற்கும். இதில் மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது?

3. இன்டர்வியூ

சர்வீஸ் அறை வரிசையில் போய் நின்றேன். கரஸ்பாண்டென்ட் வாசலிலேயே மறித்தார்.

"உனக்கு அந்த ரூம்னு சொன்னேன் இல்ல?"

சத்தம் கேட்டு, இன்டர்வியூ எடுத்த சென்னைக்காரர் எட்டிப் பார்த்தார். "வரட்டும் சார், கேட்டுப் பாக்கலாம்."

உட்கார்ந்ததும் கேட்டார். "ரூபி, டானி ரெண்டும் போர்ட்தான். ஒண்ணு சிவப்பு, ஒண்ணு பழுப்பு. ஏன்?"

"ரூபிய பெரிய தொட்டியில காத்து ஜாஸ்தி படாம வெச்சிருப்பாங்க சார். நெறம் மாறாது, பழ வாசன நிக்கும். டானி சின்ன மரப்பீப்பாயில வருஷக்கணக்கா இருக்கும். காத்து பட்டுப் பட்டுப் பழுப்பாயிடும், வறுத்த பாதாம் பருப்பு ருசி வரும்."

"குடிச்சிருக்கியாம்மா?"

"இல்ல சார். பரிமாறத்தான் வந்திருக்கேன்."

சிரித்துவிட்டு, வின்டேஜ் போர்ட்டை டிகான்ட் செய்து காட்டச் சொன்னார். அது பாட்டிலுக்குள்ளேயே பல வருடம் முதிர்வதால் அடியில் மண்டி தங்கும். தெளிவை மட்டும் வேறு குடுவைக்கு மாற்ற வேண்டும். சர்பத்தில் டீத்தூளைப் போட்டுப் பழகியிருந்தேன்; அன்றைக்கும் அதே சர்பத் பாட்டில்தான். பாட்டில் கழுத்துக்குக் கீழே மெழுகுவத்தி வைத்து மெதுவாகச் சாய்த்தேன். தூள் கழுத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். வேலை கிடைத்தது.

"எல்லாம் நம்ம ட்ரெய்னிங்தான் சார்" என்றார் கரஸ்பாண்டென்ட், கொஞ்சம்கூடக் கூசாமல்.

4. பேனர்

சில வருடம் கழித்து லீவில் வந்தபோது இன்ஸ்டிட்யூட் வாசலில் என் படம் பெரிய பேனராகத் தொங்கியது. கப்பல் யூனிஃபார்மில் நான் ஒரு விருந்தாளிக்குப் போர்ட் ஊற்றும் படம். பக்கத்தில் என் சம்பளம் கொட்டை எழுத்தில். ஆனால் பாட்டிலைக் காணோம். அதை மட்டும் அழித்திருந்தார்கள். என் விரல்கள் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன.

நேரே உள்ளே போனேன். "பாட்டில் எங்க சார்?"

"கோயில் ஊராச்சேம்மா..."

"அப்ப சம்பளத்தையும் அழிங்க சார். அது ஒயின் ஊத்தினதுக்குக் குடுத்தது."

அவர் ஃபேனைப் பார்த்தார். பேனர் இறங்கும்வரை நான் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் வேலையைச் சொல்லக் கூசுகிறவர்கள் உங்கள் சம்பளத்தைக் காட்டி ஆள் சேர்க்க விடாதீர்கள்.